நாளவழி ஊட்டம் (பச்சிளங்குழந்தைகள்)

குடல் பாலை ஏற்காத பச்சிளங்குழந்தைக்கு குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு, உப்புகள், விற்றமின்கள் ஆகியவற்றை இரத்த நாளத்தினூடாகச் செலுத்தும் முறை. சிறுகுடல் பெரும்பாலும் உருவாகாமல் பிறந்த ஒரு பெண் சிசு இவ்வழியில் வளர்ந்ததை, மருத்துவர்களான டக்ளஸ் வில்மோரும் ஸ்டான்லி டட்ரிக்கும் 1968இல் பிலடெல்பியாவிலிருந்து அறிவித்தனர்.

யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதில் இன்னும் ஒருமை இல்லை. 31 வாரக் கர்ப்பகாலம் நிறைவதற்கு முன் பிறந்தவர்களுக்குத் தொடங்குமாறு இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டல் நிறுவனமான நைஸ் 2020இல் பரிந்துரைத்தது. 2016இல் வெளியான பெபானிக் ஆய்வோ, தீவிர சிகிச்சையிலிருந்த 1440 சிறுவர்களில் ஒரு வாரம் தாமதித்துத் தொடங்கியோருக்கே கிருமித்தொற்று குறைவு என்றது. அதில் குறைமாதக் குழந்தைகள் சேர்க்கப்படவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வேறுபாட்டுக்குக் கொள்கை மட்டும் காரணமல்ல. கல்சியமும் பொஸ்பேற்றும் அளவு பிசகினால் கரைசல் பைக்குள்ளேயே படிவு விழும். வெளிச்சம் பட்டால் கரைசலில் பெரொக்சைட்டு உருவாகும். அதனால் பையையும் குழாயையும் மூடி வைப்பார்கள். கிருமியற்ற கலப்பறை, பயிற்சி பெற்ற மருந்தாளர், அடிக்கடி இரத்தப் பரிசோதனை எல்லாம் வேண்டும். இவை இல்லாத இடங்களில் 10 வீத டெக்ஸ்ட்ரோஸ் கரைசலும், தாயிடம் கறந்து மூக்குக் குழாய்வழி சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும் பாலுமே கைகொடுக்கின்றன.

இத்தகைய பராமரிப்பைத் தேடும் குடும்பங்களுக்கு, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய இடங்களில் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உள்ளன. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியில் ஏறக்குறைய 65 கிலோமீற்றர். நெதர்லாந்து உதவியுடன் கட்டப்பட்ட பெண்கள் நலச் சிறப்பு மையம் 2024 மே மாதம் கிளிநொச்சியில் திறக்கப்பட்டது.