ஆண்டு 9இன் கையெழுத்துச் சஞ்சிகை

எமது கல்லூரியின் வரலாற்றை எழுதுவோர் அதிபர்களையும் கட்டடங்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் தவறாது குறிப்பிடுவர். அவை பதிவேடுகளில் உள்ளவை. பதிவேட்டில் இல்லாத ஒன்றை, 1994ஆம் ஆண்டு ஆங்கில வகுப்பில் நாம் ஆக்கிய ஒரு சஞ்சிகையை, இம்மலரில் பதிவுசெய்ய விரும்புகின்றோம்.

யாழ்ப்பாணத்துப் பெண் கல்வி வரலாற்றில், 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய விடுதிப் பாடசாலை முக்கியமான தொடக்கம். அதன்பின் நெடுங்காலம் ஆங்கிலமே உயர்கல்விக்கும் உத்தியோகத்துக்கும் வாசலாக இருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழி போதனாமொழியாகிய பின்னர் ஆங்கிலம் நேரசூசியில் ஒரு பாடமாயிற்று. எமது காலத்தில் அது இடைவெளி நிரப்புவதும் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுவதுமாகவே இருந்தது.

1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் அரிது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சு, அது நனையுமளவு எண்ணெய், அந்த வெளிச்சத்திற் படித்தோம். கடதாசித் தட்டுப்பாட்டால் பத்திரிகைகள் அப்பியாசக் கொப்பித் தாளிலும் அச்சாகின. அப்படியொரு நாளில்தான் எமது ஆங்கில ரீச்சர், "புத்தகத்தை மூடுங்கோ பிள்ளையள். வீட்டில நடந்த ஒண்டை எழுதுங்கோ" என்றார்.

பழைய கொப்பிகளில் எழுதாத பக்கங்களைக் கிழித்துச் சேர்த்தோம். கலண்டர் மட்டை அட்டையாயிற்று. இருந்தது ஒரே பிரதி. பனங்களியால் உடுப்புத் தோய்ப்பதை ஒருத்தி எழுதினாள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி அண்ணா வானொலிச் செய்தி கேட்பதை இன்னொருத்தி எழுதினாள். வீட்டு முற்றத்தில் வெட்டிய பங்கருக்குள் முதலிற் குடிபுகுந்தது தங்கள் அடைக்கோழி என்று எழுதியவள் எமது வாங்கில் இருந்தவள். வகுப்பே சிரித்தது. ரீச்சர் இலக்கணப் பிழைகளைப் பென்சிலால் திருத்தினார், கோழியை நீக்கவில்லை.

பெற்றோர் சிலர், "சோதினைக்கு உதவாத வேலை" என்றனர். உண்மையைச் சொன்னால், நாமும் உள்ளூர அப்படித்தான் நினைத்தோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள் வலிகாமமே இடம்பெயர்ந்தது. நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனபோது பிறப்புச் சான்றிதழ்களை மடியிற் கட்டிக்கொண்டு போனோம். சஞ்சிகை வகுப்பறை அலுமாரிக்குள் இருந்தது. 1996இல் திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. கோழிக் கதை எழுதியவளும் வரவில்லை. குடும்பத்தோடு வன்னிக்குப் போனதாகக் கேள்வி. பின்னர் தகவல் இல்லை.

சில ஆண்டுகளின் பின் மருத்துவ பீடத்திற் சேர்ந்தோம். அங்கு போதனாமொழி ஆங்கிலம். விரிவுரை விளங்காமல் விடுதியில் அழுத நாட்கள் உண்டு. ஆனால், வாட்டில் நோயாளியிடம் கேட்டு அவருடைய நோயின் வரலாற்றை எழுதும் நாள் வந்தபோது கை தயங்கவில்லை. முதலில் என்ன நடந்தது, அடுத்தது என்ன, அப்போது வீட்டில் யார் இருந்தார்கள் என்பவை ரீச்சர் எம்மிடம் கேட்ட அதே கேள்விகள். நோயாளி பேச்சோடு பேச்சாகச் சொல்லும் சிறு விடயத்தை வெட்டிவிடாமல் எழுதவும் அங்கேதான் பழகியிருந்தோம். பலமுறை நோயைக் காட்டித் தந்தது அந்தச் சிறு விடயமே.

எமது பெறுபேறுகளை இன்றும் தேடி எடுக்கலாம். அந்தச் சஞ்சிகையை எடுக்க முடியாது. ஆனால் மற்ற வகுப்புகளின் ஆக்கங்கள் எங்கேனும் தப்பியிருக்கக்கூடும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் ஊரிலும் வாழும் சகோதரிகளே, உங்கள் பெட்டிகளுக்குள் ஒரு நாடகப் பிரதியோ, படம் கீறிய கொப்பியோ இருந்தால் அதன் பிரதியைச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். அவையும் கல்லூரியின் வரலாறே.

கோழிக் கதை எழுதியவள் இதை எங்கிருந்தேனும் வாசித்தால் ஒரு வரி எழுதட்டும். அவளுடைய வாங்கில் இருந்தவர்கள் இன்னும் தேடுகின்றோம்.