ஈக்கூண்டு தந்த டயர்

1950-களின் கார் ஒன்றை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? முதல் ஐந்து நிமிஷம் வயிற்றைக் கலக்கும். ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்புவீர்கள். வண்டி கொஞ்சம் யோசிக்கும். அப்புறம், 'சரி, போனால் போகிறது' என்று திரும்பும். நேர் ரோட்டில்கூட நிம்மதி இல்லை. தார் ரோட்டில் நீளமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தால் அதன் பின்னாலேயே போகப் பார்க்கும்.

உடனே ஸ்டீயரிங் பாக்ஸைப் பிரித்துப் போடச் சொல்லாதீர்கள். அதில் தேய்மானம் இருக்கலாம்தான். ஆனால், இன்னொரு குற்றவாளி கீழே டயருக்குள் ஒளிந்திருக்கிறான்.

அந்தக் கால டயர்கள் 'கிராஸ் ப்ளை' ரகம். ரப்பருக்குள் நூல் அடுக்குகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சாய்த்து ஒட்டியிருப்பார்கள். பக்கச் சுவரும் தரையில் படும் பட்டையும் ஒரே உடம்பு. வளைவில் சுவர் நெளிந்தால் பட்டையும் சேர்ந்து நெளியும். சக்கரம் ஒரு பக்கம் பார்க்கும், வண்டி வேறு பக்கம் நழுவும்.

இந்தக் கதையை மாற்றியவர் மரியஸ் மின்யோல். பிரான்ஸில், மிஷ்லின் கம்பெனியின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். டயர் எங்கே சூடாகிறது என்று கண்டுபிடிக்க, பக்கச் சுவரில் இருந்த அடுக்குகளை எடுத்துவிட்டு, இடைவெளி விட்டுக் கம்பிகளை நேராகக் கட்டிப் பார்த்தார். பார்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர், 'ஈக்கூண்டு'! அதிலிருந்து பிறந்ததுதான் ரேடியல். சுவர் தன் இஷ்டத்துக்கு வளையும். உள்ளே எஃகு வார் போட்ட பட்டை அசையாமல் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். 1946-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1949-ல் 'மிஷ்லின் எக்ஸ்' விற்பனைக்கு வந்தது.

அமெரிக்கக் கம்பெனிகள் என்ன செய்தன? கணக்குப் போட்டன. ரேடியலுக்குப் புது மெஷின்கள் வாங்க வேண்டும். அந்த டயரோ வெகுநாள் உழைக்கும். சீக்கிரம் தேய்ந்தால்தானே அடுத்த டயர் விற்கும்? அங்கே ரேடியலையே ஸ்டாண்டர்டு டயராக மாட்டிக்கொண்டு ஒரு கார் ஃபேக்டரியிலிருந்து வெளியே வர, 1970 மாடல் லிங்கன் கான்டினென்டல் மார்க் த்ரீ வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பழைய கார் வைத்திருக்கிறீர்களா? ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். காசு மிச்சம் என்று முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ் ப்ளை மாட்டாதீர்கள். வளைவில் முன்பக்கம் கெட்டியாகப் பிடிக்கும், பின்பக்கம் கைவிடும். வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். பிரிட்டனில் இந்த ஜோடியைச் சட்டமே தடுக்கிறது.

மாற்றினால் நாலையும் மாற்றுங்கள். இல்லையா, பழசோடு மெதுவாகப் போங்கள்!