கரையோரத்துக் கல்வீடும் குளிர்காலத்து இருட்டும்

வேல்ஸில் ஒரு பழைய நம்பிக்கை இருந்தது. ஊருக்குப் பொதுவான நிலத்தில், பொழுதுபட்டுத் தொடங்கி விடியிறதுக்குள்ள ஒரு வீட்டைக் கட்டி, விடியேக்க புகைபோக்கியால புகை வந்தால், அந்த வீடு கட்டினவனுக்கே சொந்தம். வாசலில் நின்று கோடரியை எறிஞ்சால் அது விழுகிற தூரம் வரைக்கும் வளவு. இதை 'டீ இன்னோஸ்' என்பார்கள், ஓரிரவு வீடு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இருக்கவில்லை. ஆனால் காணியில்லாத சனம் இதை நம்பித்தான் கட்டியது.

இன்று வேல்ஸின் கரையோரத்தில் "குடும்பத்தோட வரலாம், கடற்கரை கிட்ட" எண்டு விளம்பரப்படுத்துகிற விடுமுறைக் குடில்கள் பலவும் இப்படியான ஏழைச் சனத்தின் வீடுகள்தான். கமக்கூலிகள், மீனவர்கள், குவாரித் தொழிலாளர்கள் இருந்த வீடுகள். தடிச்ச கல்லுச்சுவர், சின்ன யன்னல். அந்த நாளையில் அது வடிவுக்காகச் செய்தது இல்லை, குளிருக்காகச் செய்தது.

இந்த வீடுகளை முதலில் வெறுமையாக்கியது உல்லாசப் பயணிகள் இல்லை. தொழில் போனதுதான் காரணம். வடமேற்கில் லீன் குடாநாட்டின் கரையில் நான்ற் குர்தெய்ர்ன் எண்டொரு குவாரிக் கிராமம். அங்க உடைச்ச கருங்கல்லை லிவர்பூல், மான்செஸ்டர் வீதிகளில் பதித்தார்கள். தார் வீதிகள் வந்ததோட கல்லுக்குக் கேள்வி குறைஞ்சது. 1959 அளவில் கடைசிக் குடியிருப்பாளரும் வெளிக்கிட்டார்.

மற்ற ஊர்களில் அப்படி வெறுமையான வீடுகளை இங்கிலாந்துக்காரர் மலிவாக வாங்கினார்கள். கோடையில் வருவார்கள், மிச்சக் காலம் பூட்டு. வேல்ஸ் மொழியில் இதுக்குப் பேர் 'டீ ஹாவ்', கோடை வீடு. போகப் போக விலை ஏறியது. அந்த ஊரிலேயே பிறந்து வேல்ஸ் மொழி கதைக்கிற பெடியளால அங்க ஒரு வீடு வாங்க ஏலாமல் போனது.

1979 டிசம்பரில் தீ வைக்கத் தொடங்கினார்கள். 'மெய்பியொன் க்ளின்டூர்', அதாவது க்ளின்டூரின் மைந்தர்கள் எண்ட பெயரில். 1400இல் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய ஓவைன் க்ளின்டூரின் பெயர் அது. 1990களின் தொடக்கம் வரை 200க்கும் மேற்பட்ட தாக்குதல்கள். பெரும்பாலானவற்றை யார் செய்தது எண்டு இண்டைக்கும் தெரியாது. கோபத்தின் காரணம் எனக்கு விளங்குது. ஆனால் எரித்ததால் ஒரு இளம் குடும்பத்துக்கும் வீடு கிடைக்கவில்லை, விலையும் இறங்கவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கு. பழைய மாட்டுத்தொழுவத்தைத் திருத்தி விடுமுறைக்கு வாடகைக்கு விட்டு, அந்தக் காசில் தோட்டத்தைக் காப்பாற்றுகிற வேல்ஸ் குடும்பங்களும் நிறைய. ஆகவே "வந்தவன் கெட்டவன்" எண்டு லேசாக முடிக்க ஏலாது.

சட்டம் பிந்தித்தான் வந்தது. 2023 ஏப்ரலிலிருந்து குவினெத் மாவட்ட சபை இரண்டாவது வீடுகளுக்கு வழமையான வரியோட 150 சதவீதம் கூடுதலாக அறவிடுகிறது. வருசத்தில் 182 நாட்களாவது உண்மையில் வாடகைக்குப் போனால்தான் ஒரு குடிலை வியாபாரமாகக் கணக்கெடுப்பார்கள். முந்தி 70 நாள் போதும். அதுக்கிடையில் பலதும் கைவிட்டுப் போய்விட்டது. கோடை வீடுகளுக்குப் பெயர்போன அபெர்சோக்கில் இருந்த சின்ன வேல்ஸ் மொழிப் பள்ளிக்கூடம், விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள்தான் மிஞ்சினதால் 2021 முடிவில் மூடப்பட்டது. அந்த வருசக் குடிசன மதிப்பீட்டில் வேல்ஸ் மொழி தெரிந்தவர்கள் 17.8 சதவீதம். 1901இல் அது அரைவாசி.

நான்ற் குர்தெய்ர்னை 1978இல் ஒரு அறக்கட்டளை வாங்கியது. கூரை போன வீடுகளைத் திருத்தி, 1982இல் வேல்ஸ் மொழி வகுப்புகளைத் தொடங்கினார்கள். படிக்க வருகிறவர்கள் அந்தக் குவாரித் தொழிலாளர் வீடுகளிலேயே தங்குகிறார்கள். வகுப்பு இல்லாத நாட்களில் வெளியாட்களும் காசு கட்டி அங்க தங்கலாம்.