சீமை எந்திரமும் சிற்றூர்க் கைகளும்

கடல் கடந்து வந்த பொருளுக்குச் 'சீமை' என்னும் அடைமொழி சேர்ப்பது நம் முன்னோர் வழக்கம். சீமை எண்ணெய், சீமை ஓடு, சீமைக் கருவேலம் என அச்சொல் நம் நாவில் இன்றும் வாழ்கிறது. தீப்பெட்டியும் ஒரு காலத்தில் சீமைச் சரக்கே. சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்த குச்சியை உரசித்தான் நம் நாட்டு இல்லங்களில் அடுப்பு எரிந்தது. எம். புதுப்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீசுகளையும் பட்டாசு ஆலைகளையும் அன்றாடம் காணும் நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம்.

இந்நிலை எவ்வாறு மாறிற்று? 1922இல் அயல்நாட்டுத் தீப்பெட்டிகளின்மீது குரோசு ஒன்றுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். அவர்கள் தேடிச் சென்றது சரக்கையன்று, செய்முறையை. சில திங்கள் அங்கே தங்கித் தொழிலைக் கற்று, 1923இல் ஊர் திரும்பி, ஜெர்மனியிலிருந்து எந்திரங்களை வருவித்துத் தீப்பெட்டி செய்யத் தொடங்கினர். பொருளை இறக்குமதி செய்தவர் பலர். அதைச் செய்யும் அறிவைக் கொணர்ந்தவர் சிலரே. வானம் பார்த்த இக்கரிசல் பூமிக்கு அவ்வறிவே புதுமழையாயிற்று.

ஆயினும் வழி எளிதாய் இருக்கவில்லை. வரியைத் தாண்டுவதற்காகச் சுவீடன் நாட்டு நிறுவனம் 1923இல் 'விம்கோ' என்னும் பெயரில் இந்தியாவிலேயே கால் ஊன்றிப் பேராலைகளை எழுப்பியது. அவற்றின் எந்திர வலிமையோடு சிற்றூர் முதலீடு போட்டியிட இயலுமா? சிவகாசி கண்ட விடை மனிதக் கைகள். சட்டங்களில் குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், குச்சிகளைப் பெட்டியில் அடைத்தல் ஆகிய அனைத்தும் கைவேலையாயின. பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கே வந்தது. சிறு உற்பத்தியாளருக்கான கலால் வரிச் சலுகையும் பின்னாளில் துணைநின்றது. இரண்டாம் உலகப் போரால் அயல்நாட்டு வெடிகளின் வரவு தடைப்பட, பட்டாசுத் தொழிலும் இங்கே வேரூன்றியது.

இவ்வரலாற்றை நாம் பெருமையோடு சொல்கிறோம்; சொல்லவும் வேண்டும். ஆனால் எந்திரத்தின் இடத்தில் கை வந்து அமர்ந்தபோது, அக்கையின் விலை என்னவென்று கேட்டோமா? எந்திரத்துக்கு விலை கொடுத்தாக வேண்டும். பழுதுபட்டால் பொருள் நட்டம். கையோ மலிவாய்க் கிடைத்தது. அவற்றுள் சிறுவர் சிறுமியரின் பிஞ்சுக் கைகளும் இருந்தன. 1996 டிசம்பரில்தான், சிவகாசிச் சிறாரைக் குறித்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், அபாயத் தொழிலில் அமர்த்தப்படும் குழந்தை ஒவ்வொருவருக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 17 அன்று, எம். புதுப்பட்டிக்கு அருகிலுள்ள ரெங்கபாளையத்தில் பட்டாசு வெடித்து 13 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். மலிவு என்று நாம் சொல்வது எதனை என்பதை அந்நாள் நமக்குக் காட்டிற்று.

1922இல் போன்றே இன்றும் சீமைச் சரக்கு நம் வாசலில் நிற்கிறது. நெகிழித் தீமூட்டிகள் தீப்பெட்டியின் வாழ்வைப் பறிக்கின்றன என்னும் முறையீட்டின் பின், 20 ரூபாய்க்குக் குறைந்தவற்றின் இறக்குமதியை 2023 ஜூனில் நடுவண் அரசு தடைசெய்தது. இத்தடை தேவையே. எனினும், வரியும் தடையும் சரக்கைத்தான் காக்கும். அதைச் செய்யும் கையைக் காப்பது யார்?

அன்று ஈரிளைஞர் நெடுந்தொலைவு சென்று தொழிலைக் கற்றுவந்தனர். உழைப்பவர் உயிரோடும் உடல்நலத்தோடும் மாலையில் வீடு திரும்பும் தொழில்முறையை நாமும் கற்றாக வேண்டும். அதனை எந்தச் சீமையிலிருந்தும் கப்பல் கொண்டுவராது. ஒரு குச்சியை எடுத்து உரசும்போதெல்லாம் அதனை அடுக்கிய கை எதுவென நாம் எண்ணத் தொடங்கினால், அதுவே அக்கல்வியின் முதற்பாடம்.