திரிகூட மலையும் கலைகளும்

தென்பாண்டி நாட்டுத் திருக்குற்றாலத்தை அருவியாடற்கு மட்டுமே உரியதென எண்ணுவார் பலர். அம்மலைமேல் வைத்த அன்பு இசையும் கவியும் ஓவியமுமாய் விளைந்த வரலாறு சைவர் அறியத்தக்கது.

திருஞானசம்பந்தப் பிள்ளையார் இத்தலத்திற்கு அருளிய பதிகம் குறிஞ்சிப் பண்ணில் அமைந்தது. மலைத்தலத்திற்கு மலைநிலப் பெயர் கொண்ட பண், பொருத்தம் நோக்குக! ஈண்டுள்ள குறும்பலாவிற்குப் பிறிதொரு பதிகமும் உண்டு.

18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இத்தலத்திற்குப் புராணமும் யமக அந்தாதியும் செய்தனர். எனினும் மக்கள் நாவில் நின்றது குறவஞ்சியே. அதனைச் சிற்றின்ப நூலென ஒதுக்குவாரும் உளர். அது பொருந்தாது. வசந்தவல்லி காதலித்தது யாரை? குற்றாலநாதரையன்றோ! அவள் மலைவளம் வினவியவழி, குறத்தி மந்தியையும் அருவியையும் சித்தரையும் கூறி, அப்பெருமான் மலையே தம் மலையென முடிக்கின்றாள். மலையை வேறாகவும் இறைவனை வேறாகவும் காண அவள் அறியாள். சந்தமும் தாளமும் கூடி ஆடற்கும் இசைந்த இந்நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் (1706-1732) கவிராயர்க்கு நிலம் ஈந்தனர். அது 'குறவஞ்சி மேடு' எனப்பட்டது.

இனி, ஐஞ்சபைகளுள் ஒன்றாகிய சித்திரசபை. ஏனைச் சபைகளிற் கூத்தப்பிரானைத் திருமேனியிற் காண்கின்றோம். ஈண்டோ சுவரோவியமே மூர்த்தி. சூழவுள்ள சுவர்களிலும் புராணக் காட்சிகள் வண்ணத்தில் விளங்குகின்றன. இச்சபை பெருங்கோயிலின் வேறாகத் தெப்பக்குளத்தின் அருகில் உள்ளது. அருவியாடி மீள்வாருட் பலர் அவ்வழி செல்வதில்லை.