பூ கட்டும் கை

பிரிக்ஃபீல்ட்ஸ் லிடோ கொட்டகைக்குப் போய்வந்த தலைமுறை எங்கள் அம்மாவுடையது. 1972இல் வந்த ‘பட்டிக்காடா பட்டணமா’ படத்தில் லண்டனில் படித்துத் திரும்பிய மனைவி ஜெயலலிதா. அவர் திமிரை சிவாஜி அடக்குவதுதான் கதை. “நல்லா வேணும் அவளுக்கு” என்பார் அம்மா. விடியுமுன் பால்மரம் சீவி, ஆணுக்கு நிகராகச் சம்பாதித்தவர் சொன்ன பேச்சு அது!

நம் மலேசிய மண்ணின் பெண்ணைத் திரையில் பார்க்க வெகுகாலம் ஆயிற்று. தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ 2005இல் வந்தது. தோட்டத்துப் பெண் சாந்தாவுக்குப் பல்கலைக்கழகம் போக ஆசை. கல்யாணம் அல்ல, படிப்பே அங்கே கதை. அவரே 2007இல் எடுத்த ‘சலங்கை’ பிரிக்ஃபீல்ட்ஸிலேயே நடக்கிறது. தாய் பூ விற்றுக் குடும்பம் நடத்துகிறாள், மகளுக்கோ பரதம் கற்க வேண்டும். நாரை இழுத்து முடிச்சிடும் அந்த விரல்களை நான் தெருவில் தினமும் பார்ப்பவன்; திரையில் கண்டபோது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

விளம்பரம் மட்டும் மெதுவாகத்தான் நகர்கிறது. தீபாவளி நெருங்கினால் மசாலாத்தூள் விளம்பரத்தில் பட்டுச்சேலை மருமகள் இன்றும் சிரித்துக்கொண்டே கறி கிண்டுகிறாள். கிள்ளானில் என் தம்பிதான் வீட்டுச் சமையல். அவனை எந்த விளம்பரக்காரரும் இன்னும் தேடி வரவில்லை.