ஓடும்போது தண்ணீர் குடிக்காதே என்று சொன்ன வாத்தியார்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என் தங்கை மகள் போன் செய்தாள். "மாமா, ஜனவரியில சென்னையில மராத்தான் ஓடப் போறேன். முதல் தடவை. ஒருத்தர் ஜெல் சாப்பிடுங்கிறார், ஒருத்தர் உப்பு மாத்திரைங்கிறார், இன்னொருத்தர் கால் மணிக்கு ஒரு தடவை தண்ணி குடிச்சே ஆகணும்ங்கிறார். நீங்கதான் பள்ளிக்கூடத்துல பசங்களை ஓட வச்சவராச்சே, சொல்லுங்க" என்றாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்குப் பிறகு ஒரு வாரமாக இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் தூரம் புரியட்டும். மராத்தான் 42.195 கி.மீ. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறக்குறைய 12 கி.மீ. அப்படியென்றால் ராஜபாளையத்தில் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், திரும்பி வந்து, மறுபடியும் போய், அங்கிருந்து பாதி வழி வரை வந்தால்தான் கணக்கு முடியும். அதுவும் ஓட்டமாக.

1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக்கில் இந்த ஓட்டத்தை வென்றவர் ஸ்பிரிடான் லூயிஸ். மரூசி என்ற ஊர்க்காரர். ஏதென்ஸுக்குத் தண்ணீர் கொண்டுபோய் விற்பதுதான் பிழைப்பு. தண்ணீர் விற்றவர் ஓட்டத்தின் நடுவே குடித்தது ஒயின் என்று சொல்வார்கள். அன்றைக்கு யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

தப்பு நடந்தது 1904இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில். ஆகஸ்ட் 30, கடும் வெயில், 32 டிகிரி. முன்னும் பின்னும் போன வண்டிகள் மண் சாலையில் புழுதி கிளப்புகின்றன. வழியில் தண்ணீர் கிடைத்த இடங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஏற்பாட்டாளர் ஜேம்ஸ் சல்லிவன், தண்ணீர் இல்லாமல் உடம்பு என்ன ஆகிறது என்று பார்க்க விரும்பியவர். அதாவது ஓடிய 32 பேரும் அவருடைய பரிசோதனைக்கூடத்து எலிகள். முடித்தவர்கள் 14 பேர். முதலாவதாக வந்த தாமஸ் ஹிக்ஸ் தண்ணீர் கேட்டபோது உதவியாளர்கள் வாயைத் துடைத்துவிட்டார்களாம். குடிக்கக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக முட்டை வெள்ளைக்கருவில் ஸ்ட்ரிக்னின் கலந்து கொடுத்தார்கள், பிறகு பிராந்தி. ஸ்ட்ரிக்னின் என்பது எட்டிக்கொட்டையில் இருக்கிற அதே விஷம். கடைசித் தூரத்தைக் கைத்தாங்கலாகக் கடந்தார். அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்து அனுப்பினார்கள்.

இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. அதே எண்ணம் அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் உயிரோடு இருந்தது. 1950களில் சர்வதேசத் தடகள விதியே முதல் 15 கி.மீ. வரை எதுவும் தரக் கூடாது என்பதுதான். 1954இல் வான்கூவரில் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் அடுத்தவரைவிட 17 நிமிடம் முன்னால் மைதானத்துக்குள் நுழைந்தார். நுழைந்தவர் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். எல்லைக்கோட்டை அடையவே இல்லை. அன்றைக்கும் வெயில்தான். தண்ணீர் குடிக்காமல் ஓடுவதுதான் ஆண்மை என்று நினைத்த காலம் அது.

இனி என் கதை. தொண்ணூறுகளின் தொடக்கம். நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியின் பெயர் வேண்டாம், படித்தவர்களுக்குத் தெரியும். உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. ஆசிரியர் பயிற்சி முடித்தவன் எல்லாப் பாடமும் எடுப்பான் என்பதால் விளையாட்டும் என் தலையில். குறுவட்டப் போட்டிக்குப் பையன்களைத் தயார்செய்ய, சாயங்காலம் பள்ளியிலிருந்து கண்மாய்க் கரை வரை ஓடிப் போய்த் திரும்பச் சொல்வேன். நான் சைக்கிளில் பின்னால். "ஓடும்போது தண்ணி குடிச்சா வயித்தைப் பிடிக்கும், குடிக்கவே கூடாது" என்பது என் சட்டம். என் வாத்தியார் எனக்குச் சொன்னது, அவருக்கு அவர் வாத்தியார் சொல்லியிருப்பார்.

ஒரு நாள் ஒரு பையன் பம்ப்செட்டில் குனிந்து கையேந்தினான். நான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து ஓடவிட்டேன். திரும்பும் வழியில் வேப்பமரத்தடியில் விழுந்துவிட்டான். கண் மேலே செருகிக்கொண்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி தன் தூக்குவாளியிலிருந்த நீராகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அவன் வாயில் விட்டார். உப்புப் போட்ட நீராகாரம். பையன் எழுந்து உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்து, "ஏன் வாத்தியாரே, மாட்டுக்குக்கூடத் தண்ணி காட்டிட்டுத்தானய்யா ஏர் பூட்டுறோம்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

இதில் பெரிய வெட்கம் என்னவென்றால், அதே வாரம் காலையில் அதே பையனுக்கு அறிவியல் பாடத்தில் உப்பு சர்க்கரைக் கரைசல் நடத்தியிருந்தேன். கரும்பலகையில் படம் போட்டு, வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பிலிருந்து நீரும் உப்பும் போய்விடும், திரும்பக் கொடுக்க வேண்டும் என்று விளக்கியவன் நானேதான். வகுப்பில் இருந்த அறிவு மைதானத்துக்கு வரவில்லை.

அந்தக் கரைசலுக்குப் பின்னால் நம் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். 1971 வங்கதேசப் போர்க் காலம். அகதிகள் இலட்சக்கணக்கில் வருகிறார்கள். மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் காலரா. ஊசி வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோகிறது. டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பும் சமையல் சோடாவும் குளுக்கோஸும் கலந்த பொட்டலங்களைத் தயாரித்து, தண்ணீரில் கரைத்து வாய்வழியாகவே கொடுக்கச் சொன்னார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே ஊட்டினார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குடலில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கையைப் பிடித்து அழைத்துப்போகும், அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும் என்பதுதான் இதன் சூட்சுமம். ராபர்ட் கிரேன் 1960இல் சொன்னது. மகாலனபிஸுக்கு 2023இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள், அவர் இறந்த மறு ஆண்டு.

இதே சூட்சுமம்தான் ஓட்டக்காரர்களின் பாட்டிலிலும் இருக்கிறது. 1965இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற மருத்துவர், அங்கிருந்த கால்பந்து வீரர்களுக்காகத் தண்ணீர், உப்பு, சர்க்கரை கலந்து ஒரு பானம் செய்தார். வாயில் வைக்க முடியவில்லை. எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னவர் அவர் மனைவி. இதைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், சிட்டிகை உப்பு என்று ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வீதியில் பானகம் கொடுக்கிற நம்மவர்களை யாரும் கேட்கவில்லையே! அந்தத் தேர் வடத்தை இழுத்தவர்களுக்குத் தெரியும், நீர்மோரும் பானகமும் இல்லாவிட்டால் தேர் நிலைக்கு வராது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இங்கிருந்து இருக்கன்குடிக்கு நடப்பவர்கள் ஒரு மராத்தானுக்குக் குறையாத தூரம் நடக்கிறார்கள். வழியெல்லாம் பந்தல். திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட செய்தி சோழர் காலக் கல்வெட்டுகளிலும் உண்டு. அந்த மண்ணில் பிறந்துவிட்டு நான் செயின்ட் லூயிஸ் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். 1924இல் பாஸ்டன் மராத்தான் முடித்தவர்களின் இரத்தத்தை டாக்டர் சாமுவேல் லெவினும் சகாக்களும் சோதித்தார்கள். வெளிறிப்போய், தள்ளாடி வந்தவர்களுக்கு இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டு சிலரை முந்தின நாள் மாவுச்சத்து நிறையச் சாப்பிடவும், ஓடும்போது மிட்டாய் தின்னவும் சொன்னார்கள். அவர்கள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தார்கள். விஷயம் 1925இலேயே முடிந்துவிட்டது, பாருங்கள். ஆனால் ஓட்டக்காரர்கள் காதில் விழப் பல காலம் ஆனது. 1960களில் சுவீடனில் பெர்க்ஸ்ட்ரோமும் ஹல்ட்மனும் தசையில் ஊசியால் துளி சதை எடுத்து, அதிலுள்ள கிளைக்கோஜன் எப்படித் தீர்கிறது, சோறு ரொட்டி சாப்பிட்டால் எப்படி நிரம்புகிறது என்று காட்டிய பிறகுதான் உலகம் நம்பியது. 1969இல் ரான் ஹில் அந்த முறையில் சாப்பிட்டு ஏதென்ஸில் ஐரோப்பிய மராத்தானை வென்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ எடைக்கு ஒரு கி.மீ.க்குச் சுமார் ஒரு கலோரி. என் தங்கை மகள் 58 கிலோ. 42 கி.மீ. என்றால் 2,400க்கு மேல். தசையிலும் ஈரலிலும் சேமித்த மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 வரைதான். கொழுப்பு எரிந்தாலும் மெதுவாகத்தான் எரியும். 30 கி.மீ. தாண்டியதும் சுவரில் மோதியதுபோல் கால் நின்றுவிடுகிறது என்பார்களே, அதன் காரணம் இதுதான். அதனால்தான் மணிக்கு 30 முதல் 60 கிராம் சர்க்கரை வகை உள்ளே போக வேண்டும் என்கிறார்கள்.

நம் நாட்டு ஓட்டக்காரர்களையும் சொல்ல வேண்டும். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் பெல்காம் பக்கத்து பாதெப்பா சௌகுலே 19ஆவதாக வந்தார். தொராப்ஜி டாடாவின் முயற்சியால் போன அணி. அந்த ஆண்டு தூரம் 42.75 கி.மீ., வழக்கத்தைவிட அதிகம். சிவ்நாத் சிங் வெறுங்காலோடு ஓடுபவர். 1976 மாண்ட்ரியலில் 11ஆவது இடம். 1978இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் இந்தியச் சாதனையாக நின்றது. 2016 ரியோவில் ஓ.பி. ஜெய்ஷா ஓடி முடித்ததும் மயங்கி விழுந்தார். இந்தியாவுக்கான மேசைகளில் தண்ணீர் கொடுக்க யாருமே இல்லை என்றார். தனிப் பானம் வேண்டாம் என்று அவர்கள்தான் சொன்னார்கள் என்றது தடகள சம்மேளனம். விசாரணைக் குழு போட்டார்கள். யார் சொன்னது சரி என்ற வழக்கில் நான் இறங்கவில்லை. விழுந்தது ஓடியவர்தான்.

இவ்வளவு எழுதிவிட்டு, அப்படியானால் வயிறு முட்டத் தண்ணீர் குடி என்று முடித்தால் அது இன்னொரு தப்பு. 1980களில் தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் சிலர் தண்ணீர் போதாமல் அல்ல, அதிகம் குடித்தே மயங்கியதை டிம் நோக்ஸ் கண்டுபிடித்தார். இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்குகிறது. 2002 பாஸ்டன் மராத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் இதனால் இறந்தார். அதே ஓட்டத்தில் 488 பேரின் இரத்தத்தைப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைவு. வேகமாக ஓடுபவர்களைவிட, நான்கு மணிக்கு மேல் மெதுவாக ஓடி, ஒவ்வொரு மேசையிலும் நின்று குடித்து, கிளம்பியபோது இருந்ததைவிட எடை கூடி வந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். முதல் முறை ஓடுபவர்கள் பெரும்பாலும் அப்படித்தானே! இந்த இடத்தைப் படித்த பிறகுதான் அவளுக்குப் போன் போட்டேன்.

நான் சொன்னது இவ்வளவுதான். தாகம் எடுத்தால் குடி, எடுக்காவிட்டால் கட்டாயப்படுத்தாதே. நீண்ட பயிற்சி ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார். கூடியிருந்தால் குடித்தது அதிகம். இரண்டு கிலோ குறைந்திருந்தால் போதவில்லை. முந்தின இரண்டு நாள் சோறு, இட்லி, இடியாப்பம் தாராளமாக. அரை லிட்டர் தண்ணீரில் 40 கிராம் வெல்லம், எலுமிச்சை, சிட்டிகை உப்பு, சுக்கை வடிகட்டிவிடு. ஜெல் பிடித்தால் ஜெல்லே சாப்பிடு, ஆனால் போட்டி நாளில் எதையும் முதல் தடவையாக வாயில் வைக்காதே. பி.பி., சுகர் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் எதையும் செய்ய வேண்டாம். "பால்கோவா எடுத்துட்டுப் போகட்டுமா மாமா?" என்றாள். நெய்யும் பாலும் செரிக்க நேரமாகும், ஓடி முடித்த பிறகு கால் கிலோ நானே வாங்கித் தருகிறேன் என்றேன்.

அந்தப் பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். இந்தப் பக்கத்தைப் படிப்பவன், பெயர் எழுதவில்லை. இதை எழுதுவதற்கு முன் அவனிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். "அந்தப் பாட்டி குடுத்த நீராகாரம்தான் சார் ஞாபகம் இருக்கு, நீங்க காலரைப் பிடிச்சதெல்லாம் ஞாபகமே இல்லை" என்றான். பிடித்தது காலர் என்று நான் அவனிடம் சொல்லவே இல்லை.

தங்கை மகள் சனிக்கிழமை வருகிறாள். ஞாயிறு காலை நாலரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போய்த் திரும்பும் பயிற்சி ஓட்டம். நான் டி.வி.எஸ். 50இல் பின்னாலேயே போகிறேன், இரண்டு பாட்டில் பானகத்தோடு. வழியில் பார்த்தால் கை காட்டுங்கள்.